கழற்றி எடுத்துப் போகிற பட்டடைத் தாங்கி: அளவும் வடிவமும் சொல்லுங்கள்

புதுஉலை:
வணக்கம். கொல்லு வேலை பழக ஆரம்பித்திருக்கிறேன். கொக்கி, ஆணி, சின்னக் கத்தி என்ற அளவில்தான் இப்போதைக்கு ஆசை. காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் 25 கிலோ எஃகுப் பட்டடை ஒன்று கிடைத்துவிட்டது. ஒரு பக்கம் கொம்பு எனும் கூம்பு முனை, எதிர்ப்பக்கம் வால், மேலே கருவி மாட்டும் சதுரத் துளை. பாதம் 18 × 14 செமீ, உயரம் 18 செமீ. பாதத்தின் நடுவிலிருந்து கொம்பு நுனி 22 செமீ, வால் பக்கம் 16 செமீ நீள்கிறது.

இருப்பது வாடகை வீடு. மாடியில் சுத்தியல் தூக்க முடியாது. சனி, ஞாயிறு எங்கள் ஊர்த் தோப்பில்தான் அடிக்க வேண்டும். அங்கே எதையும் விட்டுவிட்டு வர வழியில்லை. ஒவ்வொரு முறையும் காரில் ஏற்றி இறக்க வேண்டும். ஆகவே ஒருவரே தூக்கக்கூடிய, கழற்றி மாட்டக்கூடிய தாங்கி வேண்டும். நின்றுகொண்டு வேலை செய்யத்தான் விருப்பம். வெல்டிங் பக்கத்துப் பட்டறையில் செய்து தருவார்கள், ஆனால் அளவு நான்தான் கொடுக்க வேண்டும்.

மரமா, இரும்பா? மூன்று காலா, நான்கா? உயரம் எவ்வளவு? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

மதுரைப்பட்டறை:
தம்பி, மரமா இரும்பா என்பது அப்புறம். முதலில் உயரம். அதில் தப்பினால் மற்றது எவ்வளவு நன்றாக அமைந்தாலும் தோள்பட்டை போய்விடும்.

வேலைக்குப் போடுகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். கையைத் தளரத் தொங்கவிட்டு விரல்களை மடக்குங்கள். தரையிலிருந்து மடக்கிய விரல் முட்டி வரை எவ்வளவோ அதுதான் பட்டடை முகத்தின் உயரம். அதிலிருந்து உங்கள் 18 செமீயைக் கழித்தால் தாங்கியின் உயரம் வந்துவிடும். எதிரில் ஒருவர் சம்மட்டி போடுவதாக இருந்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். நீங்கள் தனியாள், அது வேண்டாம்.

வெட்டுவதற்கு முன் இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். செங்கல்லை அடுக்கி அந்த உயரத்துக்கு ஒரு மேடை போட்டு, அதன்மேல் பழைய மரப்பலகைத் துண்டு ஒன்றை வையுங்கள். யோசிக்காமல், இயல்பாகப் பத்துப் பதினைந்து அடி போடுங்கள். பலகையில் விழுந்த தடத்தைப் பாருங்கள். வட்டம் முழுதாகப் பதிந்திருந்தால் உயரம் சரி. உங்கள் கைப்பக்க விளிம்பு மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தால் மேடை உயரம் அதிகம். வெளிப்பக்க விளிம்பு பதிந்திருந்தால் தாழ்வு. புத்தகக் கணக்கைவிடப் பலகை சொல்வதை நம்புங்கள்.

எங்கள் அப்பா காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. ஆசாரி தரையில் உட்கார்ந்து வேலை செய்வார். அடைகல்லை, அதாவது பட்டடையை, ஒரு மரக்கட்டையில் இறக்கி, கட்டையை மண்ணில் புதைத்திருப்பார்கள். பூமியே தாங்கி. நகர்த்த வேண்டிய தேவை வரவில்லை.

டொராண்டோகரி:
மரத்துக்கு என் ஓட்டு. இங்கே வண்டி நிறுத்தும் கொட்டகையில்தான் என் உலை. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஓரங்கட்டினால்தான் கார் உள்ளே வரும். கடையில் கிடைக்கும் 2 அங்குலக் கனப் பைன் பலகைகளை ஒரே நீளத்துக்கு வெட்டி, செங்குத்தாக நிறுத்தி, பக்கம் பக்கமாக ஒட்டி, மேலும் கீழும் 12 மிமீ திரெட் ராட் (முழுநீள மரையுள்ள கம்பி) குறுக்கே ஓட்டி இறுக்கியிருக்கிறேன்.

பலகை நின்ற வாக்கில் இருக்க வேண்டும் என்பதைக் கவனிக்கவும். அடி மரத்தின் தலைப்பில் விழ வேண்டும், அதாவது நார்கள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். படுக்க வைத்து அடுக்கினால் நார் நசுங்கி, சில மாதத்தில் பட்டடைக்குக் கீழே குழி விழுந்துவிடும்.

30 × 25 செமீ அகலத்தில் 55 செமீ உயரம் வைத்தால் பைனில் 20 கிலோ அளவில் முடியும். கீழ்ப்பக்கம் நடுவில் கொஞ்சம் குடைந்துவிட்டால் நான்கு மூலை மட்டும் தரையில் படும், ஆட்டம் குறையும். முக்கியமான லாபம் சத்தம். இரும்புத் தாங்கியில் மணி அடிப்பதைப் போல் ஒலிக்கும் பட்டடை மரத்தில் அடங்கிவிடுகிறது. அண்டை வீட்டார் இருக்கிற இடத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

புதுஉலை:
மரம் என்றால் இங்கே எது நல்லது அண்ணா? பைன் சுலபமாகக் கிடைக்காது. வீட்டுக்குப் பின்னால் பனைத்துண்டு ஒன்று கிடக்கிறது, அது ஆகுமா?

யாழ்த்தச்சர்:
பனை வேண்டாம் தம்பி. பனையின் வைரம் எல்லாம் வெளிப்புறத்தில்தான். உள்ளே சோறு, பஞ்சு மாதிரி. உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் வெளிவைரத்தைப் பிளந்துதான் எடுப்பார்கள். முழுத்துண்டை நிறுத்தி மேலே பட்டடையை வைத்தால் நடுப்பகுதி அமுங்கும், பாதம் ஓரத்தில் மட்டும் நிற்கும், பிறகு ஆட்டம்தான். தென்னையும் அதே கதை.

புளி நல்ல மரம். இறைச்சிக் கடையில் வெட்டுக்கட்டையாகப் போடுகிறார்களே, அந்தப் புளிதான். பின்னிப் பின்னி ஓடும் நார், எளிதில் பிளக்காது. ஆனால் 40 செமீ குறுக்களவில் 50 செமீ உயரக் கட்டை எடுத்தால் 55 கிலோவுக்கு மேல் போகும். பச்சையாக வாங்கினால் காயும்போது வெடிக்கும்; இரும்புப் பட்டை இரண்டு போட்டு இறுக்க வேண்டும். ஓரிடத்தில் நிரந்தரமாக இருப்பவருக்கு அதைவிடச் சிறந்த தாங்கி கிடையாது. காரில் ஏற்றுபவருக்குச் சரிவராது.

டொராண்டோகாரர் சொன்ன முறையை வேம்பிலோ பழைய வீடு இடித்த மரத்திலோ செய்யலாம். பழைய மரக்கடையில் சட்டங்கள் கிடைக்கும், நன்கு காய்ந்திருக்கும். ஆணி ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ரம்பப் பல் போய்விடும்.

மதுரைப்பட்டறை:
இன்னொரு வழியும் இருக்கிறது, இளைஞர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். வடக்கே இருந்து வந்து நம் ஊர்ச் சாலையோரங்களில் கூடாரம் போட்டு அரிவாள், கத்தி அடித்து விற்கிறார்களே, அவர்களைப் பார்த்திருப்பீர்கள். ராஜஸ்தானின் காடியா லோஹார் மக்கள் மாட்டுவண்டியிலேயே குடும்பத்தையும் பட்டறையையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். அவர்களுடைய பட்டடை ஒரு சின்ன இரும்புக் கட்டி. அதைத் தரையில் இறக்கி அறைந்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஆண் உட்கார்ந்து குறட்டால் பிடிக்க, பெண் நின்று சம்மட்டி போடுவார். கையால் சுற்றும் ஊதி ஒன்று. அரை மணியில் கடை விரித்து, அரை மணியில் கட்டிவிடலாம்.

உட்கார்ந்து வேலை செய்யச் சம்மதமென்றால் உங்களுக்குத் தாங்கியே தேவையில்லை. ஒரு அடி உயர மரத்துண்டில் பட்டடையைக் கட்டி, துண்டைக் கால்வாசி மண்ணில் இறக்கினால் போதும்.

புதுஉலை:
ஐயா, ஆசைதான். ஆனால் நான் வகுப்பில் பழகியது நின்று செய்யும் முறை. முழங்காலிலும் கொஞ்சம் பிரச்சினை உண்டு, நெடுநேரம் சம்மணம் போட முடியாது. நின்றே செய்கிறேன்.

உயரத்தைப் பலகை வைத்துச் சோதித்தேன். ஷூவோடு 74 செமீ சரியாக வருகிறது. எனவே தாங்கி 56 செமீ.

வெல்டுகுச்சி_திருச்சி:
அப்படியானால் இரும்பு முக்காலிதான். ஃபேப்ரிகேஷன் வேலையில் இருக்கிறேன், இதே மாதிரி இரண்டு செய்து கொடுத்திருக்கிறேன். விரிவாகவே சொல்கிறேன், பட்டறைக்காரரிடம் அப்படியே காட்டலாம்.

மூன்று கால் போதும். தோப்பில் தரை சமமாக இருக்காது. நான்கு காலில் எப்போதும் ஒன்று தொங்கும், அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று கால் எந்தத் தரையிலும் உட்காரும்.

மேல் தட்டு: 12 மிமீ எம்எஸ் (சாதாரண மென்எஃகு) பிளேட், 30 × 28 செமீ. 8 கிலோ வரும். 6 மிமீ போட்டுச் சிக்கனம் பார்க்க வேண்டாம். மெல்லிய தட்டு ஒவ்வோர் அடிக்கும் தவில் தோலாக அதிரும், அடியின் பலம் அதிலேயே போய்விடும்.

கால்: 50 × 50 சதுர டியூப், 3 மிமீ கனம். வட்டப் பைப்பும் ஆகும், ஆனால் சாக்கெட்டில், அதாவது காலைச் செருகும் கூட்டில், திரும்பாமல் நிற்பதற்குச் சதுரம் வசதி.

சாக்கெட்: 60 × 60 டியூப், 4 மிமீ கனம், 12 செமீ நீளத்தில் மூன்று துண்டு. உள்ளளவு 52 மிமீ, எனவே 50 மிமீ கால் உள்ளே போகும். டியூபின் உள்ளே ஒரு பக்கம் வெல்டிங் மேடு நீளவாக்கில் ஓடும், அதை அரம் போட்டு எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கால் பாதியில் சிக்கும். கால் துண்டைக் கடையிலேயே நுழைத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

சாக்கெட்டைத் தட்டுக்கு அடியில் சாய்வாக, வாய் வெளிநோக்கி இருக்கும்படி வெல்டு செய்ய வேண்டும். காலை உள்ளே தள்ளினால் அதன் தலை தட்டில் போய் முட்ட வேண்டும். அப்போது அடியின் பாரம் தட்டிலிருந்து நேராகக் காலுக்கு இறங்கும், போல்ட் எதையும் சுமக்காது. பலர் காலில் துளை போட்டுக் குறுக்கே போல்ட் மாட்டித் தொங்கவிடுகிறார்கள். அடிக்க அடிக்கத் துளை முட்டை வடிவமாகிவிடும்.

அந்த 2 மிமீ இடைவெளியை எடுக்க, ஒவ்வொரு சாக்கெட்டிலும் அடுத்தடுத்த இரண்டு முகத்தில் 12 மிமீ நட்டை வெல்டு செய்து, போல்டால் காலை எதிர் மூலைக்கு அழுத்துங்கள். ஒரே முகத்தில் மட்டும் அழுத்தினால் பக்கவாட்டு ஆட்டம் மிஞ்சும். கையால் திருகும் பட்டாம்பூச்சி போல்ட் அதிர்வில் தளரும். சாதாரண போல்டும் மேலே ஒரு லாக் நட்டும் போடுங்கள், ஒரே ஸ்பேனர் போதும்.

வெல்டிங்: 3.15 மிமீ 6013 குச்சி, 110 ஆம்பியர் பக்கம். முதலில் மூன்று சாக்கெட்டையும் சின்னச் சின்ன வெல்டாகப் புள்ளி வைத்து நிறுத்திவிட்டு, கால்களை மாட்டி, நிற்க வைத்துப் பார்த்து, பிறகு முழு வெல்டு. ஒரே இடத்தில் நீளமாக ஓட்டினால் தட்டு வளையும். ஒரு சாக்கெட்டில் கொஞ்சம், அடுத்ததில் கொஞ்சம் என்று மாறி மாறி ஓட்டச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மிச்சம் கிடக்கிறது என்று யாராவது தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துத்தநாகப் பூச்சை வெல்டு செய்தால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவு குளிர்காய்ச்சல் வந்து உடம்பை முறித்துப்போடும்.

காலின் பாதத்துக்கு 8 செமீ சதுர, 6 மிமீ தகடு. மண்ணில் புதையாது. அதில் ஒரு துளையும் போட்டுவையுங்கள், ஆணி அறைய உதவும்.

எல்லாம் சேர்த்து 20 கிலோ. கால் தனி, தட்டு தனி என்று கழற்றினால் ஒரு கைக்கு 12 கிலோவுக்கு மேல் எதுவும் இருக்காது. பட்டடை மட்டும்தான் கனம்.

புதுஉலை:
இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. நன்றி அண்ணா. கால்களை எத்தனை டிகிரி விரிக்க வேண்டும்? 15 போதுமா? கொம்பில் அடித்தால் கவிழ்ந்துவிடாதா?

விசைமையம்:
இயந்திரவியல் பாடம் எடுப்பவள். கவிழ்வதைப் பற்றிக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். எல்லோரும் கொம்பில் விழும் அடிக்குத்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது இழுவைக்கு.

முக்காலி எந்தத் திசையில் கவிழும்? பாதங்கள் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம். நடுவிலிருந்து ஒரு பாதம் இருக்கும் தூரத்தில் சரிபாதிதான் நடுவிலிருந்து பக்கக் கோட்டுக்கு உள்ள தூரம். கவிழ்வது அந்தக் கோட்டின் மேல்தான். நீங்கள் 15 டிகிரி விரித்து, சாக்கெட்டை நடுவிலிருந்து 11 செமீயில் வைத்தால் பாதம் 25 செமீ தள்ளி நிற்கும். பக்கக் கோடு 13 செமீக்குக் கொஞ்சம் உள்ளே விழும். வால் நுனி 16 செமீ. அதாவது வால் நுனியில் அடித்தால் அடி முக்கோணத்துக்கு வெளியே விழுகிறது.

ஆனாலும் கவிழாது. சுத்தியல் அடி கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பட்டடையும் தாங்கியுமாக 45 கிலோ பொருளைச் சுழற்றித் தூக்குவதற்கு அந்த நேரம் போதாது. லேசாகத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்துவிடும்.

கம்பியைச் சதுரத் துளையில் மாட்டி வளைக்கும்போது என்ன நடக்கிறது? நீங்கள் நொடிக்கணக்கில் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள், அதுவும் 74 செமீ உயரத்தில். மொத்த எடையைப் பக்கக் கோட்டின் தூரத்தால் பெருக்கி, உயரத்தால் வகுத்தால் கவிழ்க்கத் தேவையான இழுவை வரும். 45 × 12.7 ÷ 74. ஏறத்தாழ 7.7 கிலோ. நிறைந்த வாளித் தண்ணீரைத் தூக்குவதைவிடக் குறைவு! சூடான கம்பி கையில் இருக்கும்போது 45 கிலோ இரும்பு உங்கள் பக்கம் சாயும்.

விரிவை 20 டிகிரி ஆக்கினால் பாதம் 30.7 செமீக்குப் போகும், பக்கக் கோடு 15.3 செமீ. இழுவை 9.3 கிலோ. முன்னேற்றம்தான், போதாது. இன்னும் விரித்தால் கால் தடுக்கும். ஆகவே எடையைக் கூட்டுவதுதான் வழி.

மதுரைப்பட்டறை:
எடை கூட்டினால் தூக்கிச் செல்வது எப்படி அம்மா? அதுதானே அவர் கேட்டது?

விசைமையம்:
கூட்ட வேண்டிய எடையை வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டியதில்லை ஐயா. தோப்பில் மண் இருக்கிறது. காலிச் சாக்கு ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு, போன இடத்தில் 25 கிலோ மண் நிரப்பி, தாங்கியின் அடியில் ஒரு தட்டில் வைத்தால் மொத்தம் 70 கிலோ. இழுவை 14.5 கிலோவாகிறது. இரண்டு சாக்கு வைத்தால் 20 கிலோவை நெருங்கும். திரும்பும்போது மண்ணைக் கொட்டிவிட்டு வரலாம்.

எடுத்துப் போகிற தாங்கி என்றாலே எல்லோரும் எடையைக் குறைக்கப் பார்க்கிறார்கள். வழியில் குறைவாகவும் வேலை நேரத்தில் அதிகமாகவும் இருந்தால் போதும், எப்போதும் குறைவாக இருக்கத் தேவையில்லை. தண்ணீர்க் கேனும் ஆகும், ஆனால் உலைப்பொறி பட்டால் பிளாஸ்டிக் ஓட்டையாகும்.

இன்னொன்று, ஒரு காலின் பாதம் இருக்கும் நேர்த்திசையில் இழுத்தால் முக்காலி இரண்டு மடங்கு தாங்கும். கொம்புக்கு நேர் கீழே ஒரு கால் வருமாறு வைத்தால் கொம்பு நுனியும் முக்கோணத்துக்குள் வந்துவிடும். வால் பக்கம் இரண்டு கால். கம்பியை முறுக்கும்போது இரண்டு கைப்பிடி உள்ள முறுக்கியால் இரு பக்கமும் சமமாகத் திருப்புங்கள். தாங்கியின் மேல் பக்கவாட்டு இழுவையே விழாது.

வெல்டுகுச்சி_திருச்சி:
மேடம் சொன்ன கணக்கை இதுவரை யோசித்ததில்லை, அருமை. அந்த அடித்தட்டுக்கு ஒரு சுலப வழி சொல்கிறேன், போல்ட் ஒன்றுகூட வேண்டாம்.

40 × 6 பட்டையில் ஒரு முக்கோணச் சட்டம். தட்டைத் தலைகீழாகத் தரையில் வைத்து, சட்டத்தைச் சாக்கெட்டுகளைச் சுற்றி முதலில் போட்டுவிடுங்கள். பிறகு கால்களைச் சட்டத்துக்குள்ளாகச் சாக்கெட்டில் இறக்கி, எல்லாவற்றையும் நிமிர்த்துங்கள். கால்கள் கீழே போகப் போக விரிவதால் சட்டம் சரிந்து வந்து ஓரிடத்தில் மூன்று காலையும் கவ்வி நின்றுவிடும். மண்சாக்கு ஏற ஏற இறுகும். கால்கள் வெளியே விரியாமலும் அதுவே கட்டிப்போடும்.

சட்டத்தின் அளவைக் காகிதத்தில் கணக்குப் போட வேண்டாம். தாங்கியைப் புள்ளி வெல்டில் நிறுத்தி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கயிறு சுற்றி அளந்து வெட்டுங்கள். நடுவில் கம்பி வலை போட்டு, மூலைகளைக் காலுக்குத் திறந்து விடுங்கள்.

ஆற்றோரவண்டி:
இடையில் ஒரு கேள்வி. என்னிடம் பட்டடை இல்லை. தண்டவாளத் துண்டு வாங்கி இதே தாங்கியில் வைக்கலாமா?

மதுரைப்பட்டறை:
வைக்கலாம், பழகுபவருக்கு நல்ல எஃகு. ஆனால் எங்கே வாங்குகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ரயில்வே சொத்தை உரிய வழியில்லாமல் வைத்திருப்பதே குற்றம், அதற்கென்றே 1966-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் ரசீதோடு வாங்குங்கள். ரசீது இல்லாத துண்டு எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

வெல்டுகுச்சி_திருச்சி:
நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ என்ற இரண்டு வகை. 60 கிலோ வகையில் ஒரு அடித் துண்டு 18 கிலோ வரும். எல்லோரும் படுக்க வைக்கிறார்கள். அப்படி வைத்தால் அடி விழும் தலைக்குக் கீழே மெல்லிய இடுப்புதான் இருக்கிறது, அடி துள்ளி அதிரும். நிறுத்தி வைத்து வெட்டுமுகத்தில் அடித்தால் மொத்த எஃகும் சுத்தியலுக்கு நேர் கீழே இருக்கும். முகம் சிறியது, ஆனால் சுத்தியல் முகமும் சிறியதுதானே. நிறுத்தி வைத்தால் துண்டு 30 செமீ உயரம் என்பதால் தாங்கியை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். படுக்க வைத்தால் 17 செமீதான்.

ஆற்றோரவண்டி:
புரிந்தது, மிக்க நன்றி.

டொராண்டோகரி:
சத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. இரும்பு மேல் இரும்பு. தோப்பு என்றாலும் அடிப்பவரின் காது இருக்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். நல்ல எஃகுப் பட்டடையின் ஒலி 100-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அந்தக் கணக்கில் கால் மணி நேரம்தான்.

பட்டடையின் பாதத்துக்கும் தட்டுக்கும் நடுவே சிலிக்கோன் பசையை ஒழுங்காகப் பரப்பி, பட்டடையை அதில் உட்காரவைத்து, ஒருநாள் காயவிட்டு இறுக்குங்கள். ஒலி பாதிக்கு மேல் செத்துவிடும், பாதம் தட்டில் முழுதாகப் படிந்தும் உட்காரும். வாலுக்கு அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை ஒட்டினால் இன்னும் அடங்கும். அதற்குப் பிறகும் காதடைப்பான் போடுங்கள்.

புதுஉலை:
அண்ணா, பட்டடையைத் தனியாகக் கழற்ற வேண்டுமே, பசை போட்டால்?

டொராண்டோகரி:
சரிதான். பாதத்தின் அடியில் சமையல் எண்ணெய் கொஞ்சம் தடவிவிட்டு உட்காரவையுங்கள். பசை தட்டில் மட்டும் பிடிக்கும், பட்டடை தனியாக வந்துவிடும். காய்ந்த பிறகு அது ரப்பர் மெத்தையாக நிற்கும்.

வெல்டுகுச்சி_திருச்சி:
காலுக்குள் மணல் நிரப்பினாலும் ஒலி குறையும், ஒரு காலுக்கு ஒன்றே முக்கால் கிலோ வரை பிடிக்கும். ஆனால் இதைக் கவனமாகப் படிக்கவும். மணலை நிரப்பிவிட்டு இரண்டு முனையையும் வெல்டு செய்து மூடவே கூடாது. ஈரம் இருந்தால் வெல்டிங் சூட்டில் நீராவியாகி டியூப் வெடிக்கும். வெல்டிங் எல்லாம் முடிந்து ஆறிய பிறகு, வாணலியில் வறுத்து ஆறவைத்த மணலை ஒரு துளை வழியாக ஊற்றி, போல்டால் மூடுங்கள்.

புதுஉலை:
எல்லோர் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். தட்டு 30 × 28, 12 மிமீ. சாக்கெட் நடுவிலிருந்து 11 செமீ, 20 டிகிரி சாய்வு, ஒன்று கொம்புப் பக்கம், இரண்டு வால் பக்கம். 56 செமீயில் தட்டும் பாதத் தகடும் 1.8 போக 54.2. அதற்குக் கால் நீளம் 57.7 செமீ வருகிறது. பட்டடையைப் பிடிக்க 50 × 50 × 6 எல் ஆங்கிளில் நான்கு துண்டு, 12 மிமீ போல்ட். கால்களில் மணல் இல்லை, அடியில் முக்கோணச் சட்டமும் சாக்கும்.

விசைமையம்:
கணக்கு சரி. கால்களின் இரு முனைகளையும் அதே 20 டிகிரி கோணத்தில் வெட்ட வேண்டும், அப்போதுதான் மேலே தட்டிலும் கீழே பாதத் தகட்டிலும் முழுதாகப் படியும். இரண்டு வெட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கட்டும். மூன்று காலையும் சேர்த்துக் கட்டி ஒரே தடவையில் வெட்டினால் நீளம் மாறாது.

மதுரைப்பட்டறை:
பிடிதுண்டு பாதத்தை மேலிருந்து அழுத்த வேண்டும் தம்பி, பக்கத்தில் தொட்டுக்கொண்டு மட்டும் நின்றால் போதாது. துண்டின் ஒரு ஓரம் பாதத்தின் மேலும், மறு ஓரம் தட்டின் மேலும் உட்கார்ந்து, நடுவில் போல்ட் இறங்க வேண்டும். இறுக்கும்போது எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள்.

புதுஉலை:
செய்து முடித்து, தோப்பில் வைத்து அடித்தும் பார்த்துவிட்டேன்! பட்டறை அண்ணன் உங்கள் விவரத்தைப் படித்துவிட்டு எந்தக் கேள்வியும் கேட்காமல் செய்து கொடுத்தார். முக்கோணச் சட்டம் சொன்னபடியே சரிந்து வந்து கவ்விக்கொண்டது, அதைப் பார்த்து அவரும் வியந்தார். வெல்டு தீய்ந்த இடங்களில் மட்டும் ரெட் ஆக்சைடு பூசினோம், தட்டின் மேல்முகத்தைப் பூசாமல் விட்டோம்.

முதலில் சாக்கு இல்லாமல் சோதித்தேன். அடிக்கும்போது நன்றாக நின்றது. 10 மிமீ கம்பியைச் சதுரத் துளையில் மாட்டி வளைத்தபோது அக்கா சொன்ன அந்தத் திசையில் ஒரு கால் மண்ணிலிருந்து எழும்புவது தெரிந்தது, உடனே விட்டுவிட்டேன். ஒரு சாக்கு மண் வைத்த பிறகு அசையவில்லை. பாதத் துளைகளில் முழ நீள முறுக்குக் கம்பி முளைகளும் அறைந்திருக்கிறேன். தரை இறுகிய இடம் என்பதால் அதுவும் நல்ல பிடிப்பு.

சிலிக்கோன் மெத்தை போட்டபின் ஒலி மந்தமாகிவிட்டது. மாட்டுவது பத்து நிமிடம், கழற்றுவது அதைவிடக் குறைவு. ஒரே ஒரு சந்தேகம். இரண்டாம் முறை மாட்டியபோது ஒரு கால் இறுக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் போனது, முகமும் துளி சாய்ந்த மாதிரி இருந்தது. எதனால்?

வெல்டுகுச்சி_திருச்சி:
கால்கள் இடம் மாறியிருக்கும், அல்லது அதே காலே திரும்பிப் போயிருக்கும். நீளம் ஒன்றுதான், ஆனால் கோண வெட்டு, டியூபின் கோணல், சாக்கெட் உள்முகம் எல்லாம் கையால் செய்தவை. முதலில் எந்த ஜோடியில் புள்ளி வைத்தார்களோ அந்த ஜோடிதான் பொருந்தும்.

மூன்று காலையும் மாற்றி மாற்றிப் போட்டு, முகத்தின் மேல் ரசமட்டம் வைத்துச் சரியான ஜோடியைக் கண்டுபிடியுங்கள். கிடைத்ததும் உளியால் ஒரு காலில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் மூன்று வெட்டுங்கள். அதே கோடுகளைச் சாக்கெட்டில் அந்தக் கோட்டுக்கு நேராகவே வெட்டினால் எந்த முகம் வெளியே பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பெயின்ட்டால் எழுத வேண்டாம், உரசி அழிந்துபோகும். முதல் சில வாரம் ஒவ்வொரு முறையும் வேலையைத் தொடங்கிக் கொஞ்ச நேரம் அடித்தபின் நிறுத்தி, ஆறு போல்டையும் ஒரு சுற்று இறுக்கிவிட்டுத் தொடருங்கள். தாங்கி படிந்தபின் அவ்வளவு தேவைப்படாது.